நாணலோடு கரும்பைச் சேர்த்தவர்: ‘கோ’ ரகங்களின் தந்தை வெங்கட்ராமன் கதை

பெரியகுளம் பக்கம் வடுகபட்டி என்றதும் பலருக்கும் பூண்டு மார்க்கெட்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊரைத் தாண்டி ஜெயமங்கலம் பக்கம் போனால் கரும்புத் தோட்டங்களையும் பார்க்கலாம். பொங்கலுக்கு நாம் கடிக்கும் பன்னீர்க் கரும்பு வேறு, சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வேறு. ஆலைக் கரும்பின் ரகத்தைக் கேட்டால், ‘கோ’ என்று தொடங்கி ஒரு நம்பர் சொல்வார்கள். அந்த ‘கோ’, கோயம்புத்தூரைக் குறிக்கும். அதற்குப் பின்னால் இருப்பவர் சர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

என்ன பிரச்சினை?

நூறு வருஷத்துக்கு முன்பு, இந்தியா ஜாவாவில் இருந்து சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியக் கரும்பு ஒல்லியானது, சாறும் குறைவு. பன்னீர்க் கரும்பு மாதிரியான தடித்த ரகங்களில் சாறு அதிகம்தான். ஆனால் வடக்கின் குளிரையும் வறட்சியையும் அவை தாங்கவில்லை.

இதற்குத் தீர்வு தேடி 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. ஏன் கோவை? வட இந்தியாவில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோவையில் அது நன்றாகவே நடந்தது. சார்லஸ் பார்பர் தலைமையில் வேலை ஆரம்பித்தது. அவருக்கு உதவியாகச் சேர்ந்தவர், 1884-ல் பிறந்த வெங்கட்ராமன்.

நாணலா, கரும்பா?

ஆற்றோரம் தானாக முளைக்கும் நாணலும் கரும்புக் குடும்பம்தான். அதில் இனிப்பு கிடையாது. ஆனால் வெயில், குளிர், தண்ணீர் தேங்குவது என எதற்கும் அசராது. இனிப்பான கரும்போடு போயும் போயும் ஒரு புல்லைச் சேர்ப்பதா? சேர்த்துப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்த ‘கோ 205’ ரகம் 1918-ல் வெளியானது. பஞ்சாபில் உள்ளூர்க் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மகசூல் கொடுத்தது.

இப்படித் தூரத்து உறவுகள் சேரும்போது, பிள்ளை இரண்டு பெற்றோரையும் மிஞ்சி வளர்வதைத்தான் கலப்பின வீரியம் என்கிறோம். ஆனால் எல்லாப் பிள்ளையும் அப்படி வராது. கரும்பு விதையில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதம். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, கழித்து, தேறியதை மட்டும் எடுக்க வேண்டும். பொறுமைதான் இங்கே பாதி அறிவியல்.

கோதுமையில் ஏன் கஷ்டம்?

கோதுமையிலும் இந்த வீரியம் உண்டு. ஆனால் அதன் பூ தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும் என்பதால், கலப்பின விதையைப் பெரிய அளவில் தயாரிப்பது சிரமம். மக்காச்சோளத்தில் அது எளிது என்றாலும், விவசாயி வருஷாவருஷம் புது விதை வாங்க வேண்டும். கரும்பில் அந்தத் தொல்லை இல்லை. நல்ல கரும்பு ஒன்று கிடைத்தால் போதும், கரணையாக வெட்டி நட்டால் அதே கரும்பு அப்படியே வளரும். வெட்டிய கட்டை துளிர்த்தால் மறுதாம்பும் கிடைக்கும்.

உலகம் சுற்றிய ரகங்கள்

பார்பருக்குப் பிறகு பொறுப்பேற்ற வெங்கட்ராமன், மூன்று இனங்களைக் கலந்து ‘கோ 281’, ‘கோ 290’ போன்ற ரகங்களை உருவாக்கினார். இவை அமெரிக்காவின் லூசியானா வரை போயின. 1930-களில் வந்த ‘கோ 419’, தென்னிந்திய வயல்களைப் பிடித்துக்கொண்டது. கரும்போடு சோளத்தையும் மூங்கிலையும்கூடச் சேர்த்துப் பார்த்தார் மனுஷன்!

1932-ல் உள்நாட்டுச் சர்க்கரைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. முப்பது சொச்சம் இருந்த ஆலைகள், சில வருஷங்களிலேயே நூறைத் தாண்டின. சட்டம் கதவைத் திறந்தது. அரைப்பதற்கான கரும்பைத் தந்தவை ‘கோ’ ரகங்கள். 1942-ல் ‘சர்’ பட்டம், 1956-ல் பத்மபூஷண் என கௌரவங்கள் அவரைத் தேடி வந்தன. 1963-ல் காலமானார்.

இன்று ஏன் முக்கியம்?

கரணை தரும் வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. வயல் முழுக்க ஒரே செடியின் நகல் என்றால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போச்சு. உத்தரப் பிரதேசத்தில் கொடிகட்டிப் பறந்த ‘கோ 0238’ ரகத்தைச் செவ்வழுகல் நோய் சாய்த்தது சமீபத்திய உதாரணம். தமிழ்நாட்டிலும் ‘கோ 86032’ என்ற ஒரே ரகத்தைத்தான் பல வருஷங்களாகப் பெரும்பாலும் நம்பி இருக்கிறோம்.

அதனால் வெங்கட்ராமன் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. கோவையில் வருஷாவருஷம் புதுப்புதுக் கலப்புகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த முறை ஆற்றோரம் நாணலைப் பார்த்தால், வெறும் புல்தானே என்று நினைக்காதீர்கள். உங்கள் காபியில் இருக்கும் சர்க்கரைக்கு அதுவும் ஒரு பாட்டன்!