மிதவைப் பாலமும் ராஜேந்திரநாத் முகர்ஜியும்

ஜாதவ்பூருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் சென்னை மெயிலை விட்டு இறங்கியதும் காண்பது ஹௌராப் பாலத்தைத்தான். அந்த எஃகு மலையின் பெருமையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதற்கு முன் அதே ஹூக்ளி நதியில் ஏறக்குறைய 70 ஆண்டுகள் மிதந்துகிடந்த பாலத்தையும், அதன் எதிர்காலத்தை ஆராய்ந்த ஸர் ராஜேந்திரநாத் முகர்ஜியையும் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1854இல் பசீர்ஹாட் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பிரசிடென்ஸி கல்லூரியில் எஞ்சினீயரிங் படித்தார். உடல்நலம் கெட்டதால் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. நண்பர்களே, ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலே நமக்கு உறக்கம் போய்விடுகிறது. அவருக்குப் பட்டமே இல்லை! காண்டிராக்ட் தொழிலில் இறங்கினார்.

அக்காலத்தில் கல்கத்தாவில் பேர்பெற்ற எஞ்சினீயர் ஸர் பிராட்போர்டு லெஸ்லி. ஹௌராவின் மிதவைப் பாலம் அவர் கைவேலை. பாகங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தன. வேலை முடியுமுன்பே, 1874 மார்ச் 20ஆம் தேதி புயலில் 'எகீரியா' என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதி, மூன்று மிதவைகளை மூழ்கடித்தது. மனிதர் தளரவில்லை, அதே ஆண்டு அக்டோபர் 17இல் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 1528 அடி, அகலம் 62 அடி; மிதவைகளின் மேல் பலகைத் தளம். கப்பல் வந்தால் பாலத்தின் ஒரு பகுதியைக் கழற்றி ஒதுக்குவார்கள். அதுவரை இரு கரையிலும் வண்டியும் ஜனமும் காத்துக்கிடக்கும். அதனால் ரயிலைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேரோ!

இந்த லெஸ்லிதான் பட்டமில்லாத இளைஞரை நம்பினார். கல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் பல்தா நீரேற்று நிலைய வேலை முகர்ஜிக்குக் கிடைத்தது அவரால்தான். பிறகு ஏற்றந்தான். 1892இல் மார்ட்டின் கம்பெனியில் கூட்டாளி ஆனார். சிறு ரயில் பாதைகள், பல நகரங்களின் குடிநீர்த் திட்டங்கள், நாம் ஞாயிற்றுக்கிழமை சுற்றப்போகும் விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் அந்தக் கம்பெனியின் வேலை.

இதற்கிடையில் பாலம் நெரிசல் தாங்காமல் திணறியது. 1906இல் கணக்கெடுத்தபோது 13 வண்டிகளில் 8 மாட்டுவண்டிகளாக இருந்தனவாம். (நம் பல்கலைக்கழகத்தின் மூதாதையான வங்காள டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.) 1921இல் புதுப் பாலத்தைப் பற்றி ஆராய எஞ்சினீயர்கள் கமிட்டி ஒன்று அமைந்தது. அதன் தலைவர் முகர்ஜி!

அப்போது லெஸ்லிக்கு வயது 90, இங்கிலாந்தில் உயிரோடிருந்தார். தம்மைக் கைதூக்கிவிட்டவர் கட்டிய பாலம் என்று முகர்ஜி அந்தப் பொறுப்பை ஏற்கத் தயங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. 1922இல் கமிட்டி அறிக்கை தந்தது. 1926இல் புதிய ஹௌராப் பாலச் சட்டம் நிறைவேறியது. லெஸ்லி காலமானதும் அதே ஆண்டில். நன்றி வேறு, பொறுப்பு வேறு என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. அவருடைய பெரிய கட்டடங்களைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதல் தலைவராகவும் அவரையே அமர்த்தினார்கள். 1936இல் அவர் காலமானார். புதுப் பாலத்தின் கட்டுமானம் தொடங்கிய ஆண்டும் அதுவே. அதற்கு வேண்டிய 26,500 டன் எஃகில் 23,000 டன் டாட்டா ஆலையிலிருந்து வந்தது. 1943 பிப்ரவரியில் அதன்மேல் ஜனங்கள் நடந்தார்கள்.