பூட்டுத் தொழிலாளியின் மகன் ஓம்

நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மின்கலம், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், கம்பிச்சுருள் ஆகியவற்றை இணைத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளும்போது, ஓம் என்ற பெயரை நாம் எத்தனையோ முறை எழுதுகிறோம். அது ஓர் அலகின் பெயர் என்பதை அறிவோம். ஆனால் அது ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனி நாட்டின் எர்லாங்கன் நகரில் 1789 ஆம் ஆண்டு மார்ச் 16 ஆம் நாள் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளுள் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார். பள்ளிப்படிப்பில்லாத அத்தந்தை தாமே நூல்களைக் கற்று, தம் மக்களுக்குக் கணிதம் புகட்டினார். பகலெல்லாம் தோல் ஷாப்பில் உழைத்துவிட்டு, இரவில் நம் பாடநூலைப் புரட்டிப் பார்க்கும் தந்தையர் வாழும் இந்தப் பாலாற்றங்கரையில், அப்படிப்பட்ட தந்தையின் அருமையை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

1805 இல் பல்கலைக்கழகம் சேர்ந்த ஓம் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைக் கழித்தார். சினங்கொண்ட தந்தை மூன்று பருவங்களுடன் படிப்பை நிறுத்தச் செய்தார். இளைஞர் சுவிட்சர்லாந்து சென்று கணித ஆசிரியரானார். தனியே பயின்று, 1811 இல் எர்லாங்கனுக்குத் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார்.

1817 இல் கொலோன் நகரில், முன்னாளில் இயேசு சபையார் நடத்திய கல்விக்கூடத்தில் ஆசிரியர் பணி கிடைத்தது. அங்கிருந்த ஆய்வுக்கூடமே அவர் வாழ்வைத் திருப்பியது. மின்னோட்டம் கம்பியைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். ஆனால் அக்கால மின்கலம் சிறிது நேரத்திலேயே வலுவிழந்தது. அளவுகள் நிலையாக நிற்கவில்லை. 1825 இல் வெளியிட்ட முதற் கட்டுரையில் பிழை நேர்ந்தது. அவர் மனந்தளரவில்லை. பொகண்டார்ஃப் என்ற அறிஞரின் யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கொண்டார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மின்னழுத்தம் நிலையாக நின்றது. ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் இணைத்து அளந்தார். நீளம் கூடக்கூட மின்னோட்டம் குறைவதை 1826 இல் கணக்குடன் காட்டினார். 1827 இல் நூலாகவும் வெளியிட்டார்.

வெப்பநிலை மாறாதிருக்கும் கம்பியில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. இதுவே ஓம் விதியின் சாரம். 6 வோல்ட்டில் அரை ஆம்பியர் பாய்ந்தால் தடை 12 ஓம். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் 3 வாட். மின்னோட்டம் வெப்பமாகும் கணக்கை 1841 இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜூல். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட், 1000 வாட் என்றிருந்தால், அதில் பாய்வது ஏறத்தாழ 4.35 ஆம்பியர், அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். கரண்ட் போனாலும் மின்தடை என்கிறோம். அது வேறு, இது வேறு.

இக்கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். 230ஐ 1000 ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். அதில் ஏழில் ஒரு பங்கே உயிருக்கு ஆபத்தாகலாம். உப்பு நீர் தேங்கிய தரையில், மோட்டாரால் சுழலும் டிரம் அருகே நின்று உழைப்போர் மிகுந்த வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில், ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடாதே என்னும் எச்சரிக்கைக்குள் ஓம் விதியே அடங்கியிருக்கிறது. உலர்ந்த கையென்றாலும் துணிந்து தொடலாகாது.

இத்தகைய விதியைத் தந்தவரை அந்நாள் ஜெர்மனி வரவேற்கவில்லை. இயற்பியலில் இவ்வளவு கணிதம் எதற்கென்று பலர் ஒதுக்கினர். பல்கலைக்கழகப் பதவியை நம்பியிருந்த ஓம் ஏமாற்றமடைந்து, 1828 இல் கொலோன் பணியைத் துறந்தார். பின்னர் பெர்லினில் கணிதம் கற்பித்து, எளிய வருவாயில் காலந்தள்ளினார். 1833 இல் நியூரம்பர்க்கில் நிலையான பணி கிடைத்தது. 1841 இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852 இல்தான் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6 அன்று, அவர் மறைந்தார். 1881 இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

முதற் கட்டுரையின் பிழை அவரை முடக்கவில்லை. உலகின் பாராமுகம் அவர் கண்ட உண்மையை மாற்றவில்லை. அடுத்த முறை நம் அளவுகள் பொருந்தாமல் போனால், ஏட்டில் விடையைத் திருத்தாமல் கருவியை மீண்டும் இணைத்து அளப்போம். அப்பெரியாருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.