நாடி பார்த்து மருந்து கொடுத்த மேதை



மலருக்கு ஒரு மேதையின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். இன்ஜினியரிங் கல்லூரி மலர், எழுதுகிறவனும் இன்ஜினியர். அப்படியிருக்க, நான் எடுத்துக்கொண்டதோ ஒரு டாக்டரை! காரணம் இருக்கிறது. என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். பார்மகாலஜி என்றாலே அவளுக்கு வயிற்றைக் கலக்கும். மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு என்று பட்டியல் பட்டியலாய் மனப்பாடம் செய்வாள். இதெல்லாம் எதுக்கு மாமா என்று அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் இந்த மனிதரின் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன். அவர் பெயர் வில்லியம் விதரிங்.

செடி பிடிக்காத மாணவர்

1741-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையர் மாவட்டத்தில் வெலிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வைத்தியர். எடின்பரோவில் படித்து 1766-ல் எம்.டி. பட்டம் வாங்கினார். படிக்கும்போது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாடம் தாவரவியல். நம்மில் பல பேருக்கு ஒரு பாடம் அப்படி இருந்திருக்கும்!

ஸ்டாஃபோர்ட் ஊரில் வேலை பார்த்தபோது, ஹெலனா குக்ஸ் என்ற இளம்பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பூக்களை வரைவதில் ஆசை. அவர் வரைவதற்காக டாக்டர் காடுமேடெல்லாம் அலைந்து செடி சேகரித்தார். 1772-ல் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. பிடிக்காத பாடம் பிடித்துப்போக, 1776-ல் பிரிட்டன் நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதிவிட்டார்.

1775-ல் பர்மிங்காம் வந்தார். அங்கே அவர் சேர்ந்த வட்டம்தான் நமக்கு நெருக்கமானது. நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட், அவருடைய பங்குதாரர் போல்டன், ஆக்சிஜனைக் கண்ட பிரீஸ்ட்லி, வைத்தியரும் கவிஞருமான எராஸ்மஸ் டார்வின் எல்லாரும் அதில் இருந்தார்கள். பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். ராத்திரி வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமே! அதனால் லூனார் சொசைட்டி என்று பெயர். எஞ்சினையும் மருந்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசிய காலம் அது.

பாட்டியின் ரகசியக் கஷாயம்

அந்தக் காலத்தில் கால் வீங்கி, வயிறு உப்பி, மூச்சு முட்டிச் சாகிறவர்கள் ஏராளம். இதயம் சோர்ந்துபோய் உடம்பில் நீர் கோத்துக்கொள்வதுதான் பலருக்குக் காரணம் என்று இன்று நமக்குத் தெரியும். அன்று தெரியாது. 1775-ல் விதரிங்கிடம் ஒரு குடும்ப வைத்தியக் குறிப்பைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷையரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி ரகசியமாய் வைத்திருந்த கஷாயம். டாக்டர்கள் கைவிட்ட சிலர் அதைக் குடித்துப் பிழைத்திருந்தார்கள். ஆனால் வாந்தியும் பேதியும் பிய்த்து எடுத்துவிடும்.

குறிப்பில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். தாவரவியல் அறிந்த அவர் கண்ணுக்கு வேலை செய்யக்கூடியது ஒன்றுதான் என்று பட்டது: ஃபாக்ஸ்குளோவ். விரல் உறை மாதிரி ஊதாப்பூ பூக்கும் செடி. தாவரவியல் பெயர் டிஜிடாலிஸ். அது விஷச்செடியும்கூட.

அந்த மூதாட்டிக்கு மதர் ஹட்டன் என்று பேர் வைத்துப் பல புத்தகங்களில் கதை வரும். அந்தப் பேர் 1928-ல் ஓர் அமெரிக்க மருந்துக் கம்பெனியின் விளம்பர ஓவியத்தில் பிறந்தது. உண்மையான பாட்டியின் பேர் வரலாற்றில் இல்லை.

பத்து வருஷப் பொறுமை

இன்னொருவராய் இருந்தால் அந்தக் கஷாயத்தை பாட்டிலில் அடைத்து விற்றிருப்பார். விதரிங் பத்து வருஷம் பொறுமையாய்ச் சோதித்தார். ஏழைகளுக்கு அவர் இலவசமாகவே வைத்தியம் பார்த்து வந்ததால் நோயாளிகளுக்குக் குறைவில்லை.

முதல் சிக்கல், மூலப்பொருள். வேரைப் பயன்படுத்தினால் ஒரு தடவை அதிகம், ஒரு தடவை குறைவு. இலையிலும் பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறியது. ஆகவே செடி பூக்கும் சமயத்தில் மட்டும் இலையைப் பறித்து, காயவைத்துப் பொடித்து, எடை போட்டுக் கொடுத்தார். இன்று நாம் குவாலிட்டி கன்ட்ரோல் என்கிறோமே, அதுதான்!

இரண்டாவது சிக்கல், அளவு. தொடக்கத்தில் அவரே அதிகமாகக் கொடுத்து, நோயாளிகள் வாந்தியில் துவண்டார்கள். கவனித்துப் பார்த்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. இந்த மருந்தின் கெடுதல் உடனே தெரிவதில்லை, கொஞ்சம் தாமதித்துத்தான் வெளிப்படும். அதற்குள் அடுத்த வேளையும் அதற்கடுத்த வேளையும் உள்ளே போயிருக்கும். ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் வெளியேறவில்லை என்றால் மட்டம் ஏறிக்கொண்டே போகும் அல்லவா? உடம்பும் அப்படித்தான். இன்று கொடுக்கும் டிகாக்ஸின் மருந்து உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் ஒன்றரை நாள் ஆகும், அதுவும் சிறுநீரகம் நன்றாக இருந்தால்.

அவர் வகுத்த முறை எளிமையானது. சிறிய அளவில் தொடங்கு. சிறுநீர் பெருகினாலோ, குமட்டினாலோ, பேதியானாலோ, நாடி மெதுவானாலோ அத்துடன் நிறுத்து. பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவதையும், நாடி 35 வரை இறங்குவதையும்கூட அவர் பார்த்துக் குறித்து வைத்தார்.

1785-ல் எல்லாவற்றையும் நூலாக வெளியிட்டார். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பிழைத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டாமல், பலன் கிடைக்காதவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் வரிசையாக எழுதியதுதான். ஃபெயிலான டெஸ்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்து ஃபைல் பண்ணுகிற நேர்மை!

இதற்கிடையில் ஒரு மனக்கசப்பு. அவரைப் பர்மிங்காமுக்கு வரத் தூண்டிய எராஸ்மஸ் டார்வினே 1780-ல், இறந்துபோன தன் மகனின் ஆராய்ச்சியை வெளியிட்டபோது, ஃபாக்ஸ்குளோவ் பற்றிய குறிப்பையும் சேர்த்தார். விதரிங் பெயரைச் சொல்லவில்லை. நட்பு முறிந்தது. 1791-ல் பர்மிங்காமில் பெருங்கலவரம் மூண்டு, பிரீஸ்ட்லியின் வீடு எரிந்தது. கூட்டம் விதரிங் வீட்டுக்கும் வந்தது. நுரையீரல் நோய் அவரையே வாட்ட, குளிர்காலங்களில் லிஸ்பன் போய்த் தங்கிப் பார்த்தார். 1799 அக்டோபர் 6-ம் தேதி, 58 வயதில் காலமானார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் அவர் நினைவுக்கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இன்றைய வார்டில்

1930-ல் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து டிகாக்ஸின் என்ற தூய மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதயத் தசையின் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் உண்டு. இந்த மருந்து அதைக் கொஞ்சம் தடுக்கிறது. விளைவாக, செல்லுக்குள் கால்சியம் கூடி, தசை பலமாகச் சுருங்குகிறது. நரம்பு வழியாக இதயத் துடிப்பையும் மெதுவாக்குகிறது. 1997-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 6,800 இதயநோயாளிகளிடம் பார்த்தபோது, இது ஆயுளைக் கூட்டவில்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தேவையைக் குறைத்தது. இன்று முதல் வரிசை மருந்து இல்லை என்றாலும், தேவைப்படுகிறவர்களுக்கு இன்னும் கொடுக்கிறார்கள்.

நாம் பாலம் கட்டும்போது, தாங்க வேண்டிய பாரத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தாங்கும்படி கட்டுவோம். இந்த மருந்தில் அந்த இடைவெளி மிகக் குறுகல். குணமாக்கும் அளவும் கெடுக்கும் அளவும் பக்கத்துப் பக்கத்து வீடு. 0.25 மில்லிகிராம் என்பதில் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு!

அதனால்தான் நர்சிங் புத்தகத்தில் அந்த விதி. மாத்திரையைக் கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு நிமிஷம் முழுசாகத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குழந்தைகளுக்கு எல்லை வேறு. குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம் உண்டா என்று கேட்க வேண்டும். சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுகிறவரா, பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் இதே அளவே விஷமாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் அம்மா பல வருஷமாக இந்த மாத்திரை சாப்பிடுகிறார். வாரத்தில் ஐந்து நாள், இரண்டு நாள் லீவு. ஒரு முறை வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் மாத்திரையோடு வந்த சிஸ்டருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுதான் இருக்கும். எண்ணிப் பார்த்தார். 48. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்மா. மாத்திரையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு ஏறியிருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது. நாலு நாளில் அம்மா வீடு திரும்பினார்.

அக்கா மகளுக்கு இதைத்தான் சொன்னேன். அவள் மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், வாந்தியில் துவண்ட யாரோ ஒருவரும், அதை மறைக்காமல் எழுதி வைத்த ஒருவரும் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் அளவைப் படித்ததும் அடுத்து ஏன் என்று கேட்கிறாள்.

தம்பி தங்கைகளே, நீங்கள் டிசைன் செய்வது எஞ்சினாக இருக்கலாம், சாஃப்ட்வேராக இருக்கலாம். சிறிதாகத் தொடங்குங்கள், அளந்து பாருங்கள், அறிகுறி தெரிந்ததும் நிறுத்துங்கள், தோல்வியையும் எழுதி வையுங்கள். ஜேம்ஸ் வாட்டின் நண்பர் நமக்கு விட்டுப்போன சொத்து இதுதான்.

நம் கல்லூரி வளர்க! நம் நட்பு வாழ்க!

– இயந்திரவியல் பிரிவு, 2010-ம் ஆண்டு மாணவன்