ஆளைக் கொன்ற டிராக்டரை அடக்கியவர்!

அந்தக் காலத்து டிராக்டரில் உழுவது ஆபத்தான வேலை. பின்னால் கட்டி இழுக்கும் கலப்பை பாறையில் மாட்டிக் கொண்டால், முன்சக்கரங்கள் மேலே எழும்பும். டிராக்டர் மல்லாந்து, ஓட்டியவர் மீதே விழும். பலர் உயிர் இழந்தார்கள்.

இந்த ஆபத்துக்கு வழி கண்டவர் ஹாரி பெர்குசன்.

இவர் 1884-ம் ஆண்டு அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அண்ணனின் மோட்டார் பட்டறையில் தொழில் பழகினார். 1909-ல் தாமே விமானம் செய்து, தாமே பறந்தார்!

முதல் உலகப் போர் நடந்த நேரம். 1917-ல், டிராக்டர்களைக் கவனிக்கும் வேலையை அரசாங்கம் இவரிடம் கொடுத்தது. பெர்குசன் பல பண்ணைகளுக்குப் போய்ப் பார்த்தார். கோளாறு என்ஜினில் இல்லை. கலப்பையிலும் இல்லை. இரண்டையும் இணைத்த முறையில் இருந்தது!

பல ஆண்டுகள் பாடுபட்டார். மூன்று தண்டுகளால் கலப்பையை டிராக்டரோடு இணைத்தார். எண்ணெயின் அழுத்தம் கலப்பையைத் தூக்கியது, இறக்கியது. மண் இறுகி இழுவை கூடினால், கலப்பை தானாகவே சற்று உயர்ந்தது. தடை வந்தால் மேல்தண்டு டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தியது. வண்டி கவிழவில்லை.

1946-ல் இவருடைய சாம்பல் நிறச் சிறு டிராக்டர் வெளிவந்தது. 10 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கு மேல் தயாராயின.

1960-ல் பெர்குசன் காலமானார். இன்றும் ஒரு டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அந்த மூன்று தண்டுகள் இருக்கும்.