மாடி அறையில் விலகிய மரண பயம்!

1896-ஆம் ஆண்டு, ஜூலை மாதம். மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியில் தனியே இருந்தான் 16 வயது வேங்கடராமன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும், செத்துவிடுவோம் என்று திடீரென ஒரு பயம்! நாமாக இருந்தால் அலறியடித்துக்கொண்டு கீழே ஓடியிருப்போம். அவனோ கை-கால்களை நீட்டி, பிணம் போல் படுத்தான். உதடுகளை மூடி, மூச்சை அடக்கினான். உடம்பு செத்தால் நானும் செத்தேனா என்று உள்ளுக்குள் தேடினான். சாகாத ஒன்று விழித்திருப்பது புரிந்தது. போன பயம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்துசேர்ந்த அந்தப் பிள்ளைதான், பகவான் ரமணர். 1949-ல் இடக் கையில் புற்றுக்கட்டிக்காக நான்கு முறை அறுவை சிகிச்சை. கண்ணீர் விட்ட அன்பர்களை அவர்தான் தேற்றினார். 1950, ஏப்ரல் 14... கடைசி நாளிலும் தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை.