உப்பில் மருந்து கலந்த உத்தமர்



தூத்துக்குடி உப்பளங்களுக்கும் நம் விருதுநகர்ச் சீமைக்கும் அதிகத் தொலைவில்லை. கடலில் பிறந்த கல்லுப்பில் எல்லாச் சத்தும் இருக்கும் என்று நம் பாட்டிமார் நம்புவது இயல்பே. ஆனால் கடல்நீரில் உள்ள அயோடின், உப்பு விளையும்போது அதில் மிகச் சொற்பமே தங்குகிறது. இக்குறையைக் குறைந்த செலவில் நீக்கலாம் என்பதை நம் நாட்டில் மெய்ப்பித்துக் காட்டியவர் டாக்டர் வுலிமிரி இராமலிங்கசுவாமி.

இவர் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் பயின்று, 1951-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். நம் நீலகிரியின் குன்னூரில் அந்நாளில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்திலும் பணியாற்றினார். வறுமையில் வாடும் குழந்தைகளின் உடலுக்குள் நிகழும் கேடுகளை ஆராய்வதே அவர் தேர்ந்துகொண்ட துறை. அத்துறையே அவரை இமயத்தின் அடிவாரத்துக்கு அழைத்துச் சென்றது.

அங்கு அவர் கண்டதை உணர, நம் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியை முதலில் அறிய வேண்டும். நாளமில்லாச் சுரப்பிகளுள் ஒன்றான இது, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவினது. தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரந்து நேரே இரத்தத்தில் சேர்க்கிறது. உடலின் வளர்ச்சியும், வெப்பமும், மூளையின் மலர்ச்சியும் அந்த ஹார்மோனைச் சார்ந்தவை. அதை உண்டாக்க அயோடின் தேவை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது!

அந்தச் சிறிதளவும் கிட்டாவிடில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை ஓயாது தூண்டுகிறது. தைராய்டு வீங்கி முன்கழுத்துக் கழலையாகிறது. கழலை கண்ணுக்குத் தெரியும் துன்பம். தெரியாத துன்பம் அதனினும் கொடியது. அயோடின் குன்றிய தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் மூளை வளர்ச்சி தடைப்படலாம். செவியும் பேச்சும் குன்றலாம். பிறந்தபின் எந்த மருந்தாலும் அதை முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

இமயச் சாரலின் மண்ணிலிருந்த அயோடினைப் பனியும் மழையும் வெள்ளமும் பன்னெடுங்காலமாக அரித்துச் சென்றுவிட்டன. இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்கிரா பள்ளத்தாக்கில், மூவரில் ஒருவருக்கு மேல் கழலையுடன் காணப்பட்டனர். 1956-இல் இராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் அங்கு ஓர் ஆய்வைத் தொடங்கினர். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. இடையிலிருந்த வட்டாரத்துக்குச் சாதாரண உப்பு.

சிவகாசித் தீக்குச்சி மருந்தில் சேரும் பொட்டாசியம் குளோரேட்டை நம் பகுதியார் நன்கறிவர். பொட்டாசியம் அயோடேட் அதன் உறவினர் எனலாம். ஈரக்காற்றிலும் எளிதில் சிதையாது உப்பில் நிலைத்திருப்பது அதன் சிறப்பு.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. அயோடின் உப்பை உண்ட இரு வட்டாரங்களிலும் கழலை பெரிதும் குறைந்திருந்தது. சாதாரண உப்பை உண்ட வட்டாரத்திலோ குறையவே இல்லை. உண்மை ஐயத்துக்கு இடமின்றித் துலங்கியது. அவ்வுண்மைக்காக நடுவட்டார மக்கள் ஆறு ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. பின்னர் அவர்களுக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் கழலை குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

1969 முதல் பத்தாண்டுகள் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், 1979 முதல் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் அவர் விளங்கினார். 1971-இல் பத்மபூஷண் விருதும், 1986-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமையும் அவரை நாடி வந்தன. 2001-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் பணி முற்றுப்பெற்றுவிட்டதா? மலைநாட்டுக்கு மட்டுமே உரிய நோய் என்று நாம் இருந்துவிடலாகாது. 2018-19-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் இல்லங்களின் அளவில் நம் தமிழகமே கடைசி இடத்தில் நின்றது. ஏராளமாக உப்பு விளைவிக்கும் மாநிலத்துக்கு இந்நிலை வரலாமா?

பெற்றோர்களே, உப்புப் பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கல்லுப்பே வேண்டுமாயின் அயோடின் கலந்த கல்லுப்பைக் கேட்டு வாங்குங்கள். மூடிய ஜாடியில், அடுப்பின் வெக்கை படாமல் வையுங்கள். சமையல் முடியும் தறுவாயில் உப்பிடுங்கள்.

தோழியரே, மலைப்பொழிவில் நம் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். உப்பு தான் கரைந்து பிறருக்குப் பயன் தருகிறது. இராமலிங்கசுவாமியின் பெயரை அறியாத எத்தனையோ இல்லங்களில், அவர் உழைப்பு இன்று உணவோடு கரைந்து, பிறக்கப்போகும் குழந்தையின் அறிவைக் காக்கிறது. நாமும் அவ்வாறே பயன்பட முயல்வோமாக!