காட்டிலிருந்து சிறைக்கு!

காட்டுக்குப் போனார் என்றதும் காவி கட்டிய துறவி என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! அமெரிக்காவின் கன்கார்டு ஊரில், பென்சில் செய்து பிழைத்தவரின் மகன் ஹென்றி டேவிட் தோரோ.

1845 ஜூலை 4இல், வால்டன் குளக்கரைக் காட்டில் குடியேறினார். இரவல் கோடரி, ரயில்பாதைத் தொழிலாளி ஒருவரிடம் விலைக்கு வாங்கிய குடிசைப் பலகைகள், மொத்தச் செலவு 28 டாலர் சொச்சம். ஆண்டுக்கு ஆறு வார உழைப்பே வயிற்றுக்குப் போதும் எனக் கணக்கெழுதிக் காட்டினார். பன்னிரண்டு மாதமும் உழைத்துக் கடன்படும் நாம் படிக்கவேண்டிய கணக்கு!

நிலம் நண்பர் எமர்சனுடையது. அம்மா வீடும் அருகில்தான். அதைச் சொல்லி எள்ளுவோர் உண்டு. நாம் எள்ளமாட்டோம். அடிமைமுறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி தரமாட்டேன் என்று மறுத்து, 1846இல் சிறைபுகுந்தவர் அவர். ஓர் இரவுதான், யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள்.

1847இல் காட்டைவிட்டு வந்தார். 1851இல், தப்பிவந்த அடிமை ஒருவரை வீட்டில் தங்கவைத்து, கனடா செல்ல ரயிலேற்றிவிட்டார்.